மூன்றாம் பாகத்துக்குப் போட்ட வெள்ளைத் தோல்

சரித்திரக் கதைகளில் நாற்றமே கிடையாது. ஆயிரம் யானை போகும், பத்தாயிரம் குதிரை போகும், ஒரு சாணி விழாது. போர்க்களத்தில் பிணம் குவிந்து கிடக்கும்; அடுத்த அத்தியாயத்தில் ராஜகுமாரி அதே வழியாகப் பல்லக்கில் போவாள், மூக்கைப் பொத்த மாட்டாள். குதிரைக்குச் சேணம் இருக்கும், வீரனுக்குக் கேடயம் இருக்கும், முரசு அதிரும். அந்தத் தோலெல்லாம் எந்தக் குழியில் ஊறியது, அதில் யார் மயிர் வழித்தான் என்று ஒரு வரி இருக்காது. எனக்கு அந்தக் கதைகள் மேல் அப்படி ஒரு பைத்தியம் பிடித்ததற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நாள் முழுக்க நாற்றத்தில் நிற்கிறவனுக்கு நாற்றமில்லாத ஓர் ஊர் தேவைப்பட்டது.

நீங்கள் இரண்டு பேரும் பல தடவை கேட்டிருக்கிறீர்கள். “ஏம்பா, யார் புத்தகம் குடுத்தாலும் வேணாம்ன்ற? லைப்ரரியிலயே உக்காந்து படிச்சிட்டு வர்றியே, வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா இன்னா?” உங்கள் அம்மாவுக்குப் பாதி தெரியும். மீதியை இதில் எழுதுகிறேன். படிக்கும்போது குமட்டும். எனக்கு எழுதும்போதே குமட்டுகிறது. ஆனாலும் படியுங்கள்.

ஆம்பூரில் நான் வேலை செய்த டேனரி உங்களுக்குத் தெரியும். நான் பஃபிங் மெஷினில் இருந்தேன். காய்ந்த தோலை உப்புத்தாள் உருளையில் கொடுத்து மழமழவென்று தேய்ப்பது என் வேலை. எங்கள் ஃபினிஷிங் பக்கம் தூசுதான், ஈரம் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் ஈரப்பகுதி. அங்கேதான் உப்புத் தோல் வந்து இறங்கும், ஊறும், சுண்ணாம்பில் மயிர் கழலும், சதை வழிப்பார்கள். தரையெல்லாம் கொழகொழவென்று இருக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஷெட்டுக்கு வந்தால் நாங்கள் தள்ளி உட்காருவோம். ‘நாங்கள் காய்ந்த தோல்காரர்கள்’ என்று எங்களுக்கு ஒரு கர்வம்.

அந்தக் கர்வம் பஸ்ஸில் ஏறியதும் போய்விடும். பள்ளிகொண்டாவுக்கு வருகிற பஸ்ஸில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் இரண்டு நிமிஷத்தில் எழுந்துவிடுவார். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற அம்மா ஒருத்தி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள். ஈரப்பகுதி, காய்ந்த பகுதி என்று அவளுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. ஆனால் பக்கத்து சீட் காலியானதும் அதில் பையை வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்துவிடுவேன். இரண்டு பக்கம் போனால் போதும், எனக்கு எதுவும் மணக்காது. மாதனூர் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஒரு தடவை பள்ளிகொண்டாவிலும் இறங்காமல் விரிஞ்சிபுரம் வரைக்கும் போய்விட்டேன். கோட்டைச் சுவரில் கயிறு போட்டு ஏறிக்கொண்டிருந்தவனைப் பாதியில் விட்டு எப்படி இறங்குவது?

எங்கள் கம்பெனியில் தோலைத் தரம் பிரிக்கிறவர் ஒரு பாய். ஜன்னல் ஓரத்து மேஜையில் நின்று ஒவ்வொரு தோலையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று அடுக்குவார். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒருநாள் மத்தியானம் நான் சாப்பாட்டு டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அட்டை போன ராஜா கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார்.

“இன்னாபா இது, ராஜா ராணியா?”

“ஆமா பாய்.”

“எங்க வீட்டுலயும் இதே பேஜார்தான். நாலு கட்டு வச்சிருக்காங்க. தொட்டா கை ஒடச்சிடுவாங்க.”

அவர் ‘வீட்டுல’ என்று சொன்னது அவர் மனைவியை. அந்த அம்மா வீட்டில் பேசுவது உருது, பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒரு வாரப் பத்திரிகையில் வந்த சரித்திரத் தொடரை வாரா வாரம் கத்தரித்து, ஷூ தைக்கிற மெழுகு நூலால் தானே தைத்து, நான்கு பாகமாகக் கட்டி வைத்திருந்தார். அந்தப் பத்திரிகை நின்றுபோய்விட்டது. கதை புத்தகமாக வரவே இல்லை. வேலூரில் பழைய புத்தகக் கடைகளில் அதன் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒருவருக்கும் தெரியவில்லை. ஆக, எனக்குத் தெரிந்து அந்தக் கதை முழுசாக இருந்த ஒரே இடம் அந்த அம்மாவின் பெட்டிதான்.

பாயைப் பத்து நாள் கெஞ்சினேன். பதினோராம் நாள் ஒரு துணிப்பையோடு வந்தார்.

“முதல் பாகம். இதத் திருப்பிக் குடுத்தாத்தான் அடுத்தது. எண்ணெய், குழம்பு, வெத்தலை, இந்த மூணும் படக்கூடாதாம். அப்புறம் உன் கை சுத்தமான்னு கேட்டாங்க.”

“நீங்க இன்னா சொன்னீங்க பாய்?”

“ஃபினிஷிங் ஆளு, சுத்தமாத்தான் இருப்பான்னு சொன்னேன். மானத்த வாங்கிடாத.”

அந்தக் கதையை எப்படிச் சொல்வேன்! கடலோரத்தில் ஒரு கோட்டை. ராஜா இறந்துவிட்டார். மகன் தொட்டில் பிள்ளை. ராணிதான் ஆள்கிறாள். பக்கத்து நாட்டான் முற்றுகை போட்டிருக்கிறான். உள்ளே ஒரு மந்திரி, நல்லவனா கெட்டவனா என்று பிடி கொடுக்காதவன். எங்கிருந்து வந்தான் என்று தெரியாத குதிரை வைத்தியன் ஒருவன். உப்பு வியாபாரியின் மகள் ஒருத்தி. ராத்திரியில் தனியாகப் படகு விட்டுக்கொண்டு முற்றுகைக்கு நடுவில் உப்பும் அரிசியும் கொண்டுவந்து சேர்ப்பாள். அவள் வருகிற அத்தியாயம் என்றால் மட்டும் நான் வேகமாகப் படிக்க மாட்டேன். சோற்றில் கடைசிக்கு வைத்துக்கொள்கிற முட்டை மாதிரி மெதுவாகப் படிப்பேன்.

அந்த அம்மா ஓரங்களில் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். சின்னப் பெண்ணின் கையெழுத்து, மணி மணியாக. ‘இவன் பொய் சொல்கிறான்.’ ‘பாவம்.’ ‘இந்த வாரம் படம் நன்றாக இல்லை.’ போர் முரசு அதிர்ந்ததென்று ஒரு இடம். அதன் பக்கத்தில், ‘இதற்குத் தோல் எந்த ஊரிலிருந்து வந்ததோ?’ என்று இருந்தது. ஆம்பூர்ப் பெண் அல்லவா! அதைப் பார்த்து பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். பாயிடம் சொல்லி அனுப்பினேன், “முரசுக்கு எருமைத் தோல்தான் போட்டிருப்பாங்கன்னு அக்கா கிட்ட சொல்லுங்க.” மறுநாள் பதில் வந்தது. “பென்சில்ல எழுதலாமாம். பேனா கூடாதாம்.”

அப்படித்தான் ஆரம்பித்தது. நான் அந்த அக்காவைப் பார்த்ததே இல்லை. இன்று வரை பார்த்ததில்லை. ஆனால் ஒரு வருஷத்துக்கு மேல் நாங்கள் இரண்டு பேரும் அந்தக் கதையைப் பேசினோம், நடுவில் பாயை வைத்துக்கொண்டு. பாய் அதில் ஒரு வரி படித்ததில்லை. தோலைத் தடவிக்கொண்டே சொல்வார்.

“வீட்டுல கேக்கறாங்க, அந்த மந்திரிய நீ நம்புறியா?”

“நம்பல பாய். அவன்தான் துரோகி.”

“சரி, சொல்றேன். இதுக்கு நான் சம்பளம் வாங்கணும். காலையில ராணி, சாயங்காலம் மந்திரி. யார்றா இவனுங்கல்லாம்?”

மறுநாள், “போகப் போகத் தெரியும்னு சொல்லச் சொன்னாங்க” என்பார்.

முதல் இரண்டு பாகத்தையும் ஒரு கீறல் இல்லாமல் திருப்பினேன். மூன்றாம் பாகம் ஆடி மாதம் வந்தது. அதன் கடைசி அத்தியாயத்தில் கோட்டையின் வடக்கு வாசலை யாரோ உள்ளிருந்து திறந்துவிடுகிறார்கள். எதிரி உள்ளே நுழைகிறான். அதோடு பாகம் முடிகிறது. யார் திறந்தது? நாலாம் பாகத்தில்தான் இருக்கிறது. எனக்கு மெஷினில் தோல் கொடுக்கும்போதும் அதே நினைப்பு. அன்றைக்கே திருப்பிக் கொடுத்திருந்தால் மறுநாள் நாலாம் பாகம் கைக்கு வந்திருக்கும்.

நான் திருப்பவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது.

மூன்றாம் பாகத்துக்குத்தான் அட்டை கிழிந்திருந்தது. பழைய காலண்டர் அட்டை, முதுகு பிய்ந்து நூல் தெரிந்தது. அந்தப் பாகத்தில் ஓர் இடம் வரும். கடல் தாண்டிக் குதிரை கொண்டுவருகிற கப்பல்காரன் ராணிக்கு ஒரு கடிதம் அனுப்புவான், வெள்ளைத் தோலில் எழுதி. ‘நிலவைத் தட்டி விரித்தாற்போல் இருந்தது அந்தத் தோல்’ என்கிற மாதிரி ஒரு வர்ணனை. அதன் பக்கத்தில் அக்கா, ‘இப்படி ஒன்று பார்க்க வேண்டும்’ என்று எழுதியிருந்தார். எத்தனையோ வருஷத்துக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் ஆசைப்பட்டது. நான் தோல்காரன். எனக்கு வெள்ளைத் தோல் கிடைக்காதா? அதிலேயே அட்டை போட்டுக் கொடுத்தால் அக்கா எப்படிச் சந்தோஷப்படுவார்!

ஃபினிஷிங் தோலில் ஒரு துண்டைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது. கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஆனால் ஈரப்பகுதியில் ஓரம் வெட்டிப் போடுகிற துண்டுகள் குப்பை. பசை காய்ச்சுகிறவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதில் பிக்கிள் துண்டுகள் வெள்ளைவெளேர் என்று இருக்கும். பிக்கிள் என்றால் உப்பும் ஆசிட்டும் கலந்த தண்ணீரில் ஊறியது. மயிர் போயிருக்கும், சதை போயிருக்கும், பார்க்கத் தோல் மாதிரியே இருக்கும். ஆனால் அதற்குப் பிறகு அழுகாமல் இருக்கக் குரோம் உப்பு ஏற்றிப் பதப்படுத்தினால்தான் அது தோல். அதுவரைக்கும் அது செத்த ஆட்டின் உடம்புதான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். காதால் கேட்டுத் தெரியும். என் கைக்கு வருவது எல்லாம் முடிந்து காய்ந்த தோல். அதனால் வெள்ளையாகக் காய்ந்தது எல்லாம் தோல்தான் என்று என் கை நம்பிவிட்டது.

ஈரப்பகுதியில் ஒருவன் எனக்குத் தோஸ்த். நாங்கள் தள்ளி உட்கார்ந்தாலும் சண்டைக்கு வராமல் பீடி கேட்கிறவன். அவனிடம் போய் நல்ல அகலமாக ஒரு துண்டு கேட்டேன்.

“இன்னாத்துக்கு?”

“புத்தகத்துக்கு அட்ட போட.”

“ராஜா கதைக்குச் சட்ட தைக்கிறியா? போடா டேய்.” சிரித்துவிட்டு ஒரு துண்டை எடுத்து உதறினான். “இது இன்னும் தோலே ஆவல, தெரியுமில்ல? காய வச்சாலும் மழைல ஊறும்.”

“பஃபிங்காரனுக்கே தோலப் பத்திச் சொல்றியா?”

“ஆமாமா, நீ பெரிய ஆளு. மூக்கப் பொத்திக்கினு நிக்கற ஆளு. எடுத்துக்கினு போ.”

நான் அப்போது நிஜமாகவே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

வீட்டில் மாடிச் சுவர் ஓரமாகப் பலகையில் ஆணி அடித்து அந்தத் துண்டை இழுத்துக் காய வைத்தேன். நீங்கள் இரண்டு பேரும் வந்து பார்த்தீர்கள், ஞாபகம் இருக்கும். நல்ல வெயில். விறைப்பாகக் காய்ந்தது. உப்புத்தாள் வைத்து இரண்டு மணி நேரம் தேய்த்தேன், என் தொழில் அது. வழவழவென்று வந்தது. மைதா பசை காய்ச்சி, பழைய அட்டையைக் கழற்றி, முதுகிலிருந்து இரண்டு பக்கமும் இழுத்து ஒட்டி, முதல் பத்துப் பக்கத்துக்கும் கடைசிப் பத்துப் பக்கத்துக்கும் ஓரத்தில் பட்டையாக அதே தோலை வைத்து இறுக்கினேன். நிலவைத் தட்டி விரித்தாற்போல்தான் இருந்தது. தெருவில் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடக் காட்டினேன்.

மறு வாரம் கம்பெனியில் ஆர்டர் இல்லை என்று எங்கள் பகுதியை மூடினார்கள். பாயைப் பார்க்க வழியில்லை. தோல் நாற்றம் துணியில் ஏறக்கூடாது என்று புத்தகத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுகக் கட்டி, பீரோவில் உங்கள் அம்மாவின் புடவைகளுக்குக் கீழே வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒரு மாதத்துக்கு மேல் விட்டு விட்டுப் பெய்தது. பாலாற்றில் தண்ணீர் போனதைப் பார்க்க நாம் எல்லோரும் போனோமே, அந்த மழை.

பீரோவைத் திறக்கும்போதெல்லாம் உங்கள் அம்மா முகத்தைச் சுளித்தாள். “எலி கிலி செத்திருக்குதா பாருங்க.” நான் பீரோவுக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தேன். எலி இல்லை. எதனால் என்று எனக்குத் தெரியவே இல்லை. அதைச் சொல்வதற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது.

கம்பெனி திறக்கிறது என்று போன் வந்த ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தை எடுத்தேன். கவரின் அடியில் மஞ்சளாக ஏதோ தேங்கியிருந்தது. முடிச்சை அவிழ்த்தேன். புளித்த வாடையும் அழுகின வாடையும் சேர்ந்து மூஞ்சியில் அடித்தது. ஈரப்பகுதித் தரை அப்படியே என் வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி. கையை விட்டேன். சளி. தோல் திரும்பவும் சதையாகிவிட்டிருந்தது. உப்பு, கவர் முடிச்சு வழியாகப் புகுந்த மழைக் காற்றின் ஈரத்தையெல்லாம் இழுத்துக் குடித்துக் கொழகொழத்து, கழுவாத ஆட்டுக் குடல் மாதிரி என் விரல்களோடு சேர்ந்து வந்தது. பசை போட்ட இடமெல்லாம் பச்சையும் கருப்புமாகப் பூஞ்சை மயிர் முளைத்திருந்தது. மயிர் வழித்த தோலில் மறுபடியும் மயிர்! நான் கொல்லையில் போய் வாந்தி எடுத்தேன்.

திரும்பி வந்து பக்கங்களைப் பிரித்தேன். ஆசிட் இறங்கியிருந்த இடங்களில் காகிதம் கருகின அப்பளம் மாதிரிப் பழுப்பாகி, தொட்டால் நொறுங்கியது. நடுப்பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. கப்பல்காரன் கடிதம் வருகிற பக்கம் பாதிதான் இருந்தது. அக்காவின் பென்சில் எழுத்து, அதற்குக் கீழே என் பென்சில் எழுத்து, எல்லாவற்றின் மேலும் அந்தச் சளி.

துணியால் துடைத்தேன், எழுத்தும் சேர்ந்து வந்தது. வெயிலில் வைத்தேன், ஈ மொய்த்தது. உங்கள் அம்மா வாசலில் நின்று, “அந்தக் கருமத்தத் தூக்கி வெளிய போடுங்க! என் கல்யாணப் பொடவ நாறுது!” என்று கத்தினாள். அது இன்னொருவர் பொருள் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன். அப்போதுதான் உங்களில் பெரியவள் மூக்கைப் பிடித்துக்கொண்டே கேட்டாள். “ஏம்பா, முதல்லயே போன்ல போட்டோ எடுத்து வச்சிருக்கலாமே?” கையில் போனை வைத்துக்கொண்டு ஒரு வருஷம் அந்தப் புத்தகங்களைப் படித்தவன் நான். ஒரு பக்கம்கூட எடுக்கத் தோன்றவில்லை. அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். எனக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

இனி எழுதப்போவதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம். அந்தச் சளியையாவது கழுவிவிட்டேன்.

திங்கட்கிழமை கம்பெனிக்குப் போகிற வழியில் நான் ஒரு பொய்யைத் தயார் செய்தேன். தோல் போட்டேன் என்று சொன்னால் நாலாம் பாகம் வராது. மழை என்றால் வரும். மழை யார் குற்றமும் இல்லை. பஸ் நிலையத்துக் கழிப்பறையில் போய் மிச்சமிருந்த தோலையெல்லாம் நகத்தால் சுரண்டி எடுத்துப் போட்டேன். அக்காவின் புத்தகம் நாசமாய்ப் போனது, அந்த வருத்தம் ஒரு பக்கம். ஆனால் அதற்கும் மேலே என் மண்டைக்குள் ஓடியது ஒன்றுதான்: வடக்கு வாசலைத் திறந்தது யார்? அதைத் தெரிந்துகொள்ள நான் எந்தப் பொய்யும் சொல்லத் தயாராக இருந்தேன். புத்தகம் பிடித்தவர்கள் நல்லவர்கள் என்று உங்கள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருப்பார்கள். நான் அப்படி நினைப்பதில்லை.

பாய் மேஜையில் இருந்தார். பையைக் கொடுத்தேன்.

“கூரை ஒழுகிடுச்சு பாய். பீரோவுக்குள்ளயே தண்ணி இறங்கிடுச்சு. அக்கா கிட்ட மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க.”

அவர் பையைப் பிரித்தார். முகம் கோணியது. முப்பது வருஷமாகத் தோலைத் தடவுகிற கட்டைவிரல், தானாகவே புத்தகத்தின் முதுகில் போய் நின்றது. நூலுக்கு இடுக்கில் நான் சுரண்டாமல் விட்ட ஒரு துணுக்கு இருந்தது. அதை நசுக்கினார். மூக்கருகே கொண்டுபோனார்.

“மழையாபா இது?”

“ஆமா பாய்.”

“மழத்தண்ணி பேப்பர இப்படிக் கருக்குமா? இது பிக்கிள். குப்பையில போடறதக் கொண்டுபோய் எங்க வீட்டு சாமான் மேல ஒட்டியிருக்க.” குரல் உயரவே இல்லை. “நீ இன்னா எனக்குத் தோல் கத்துக் குடுக்கறியா?”

பக்கத்து மெஷின்காரன் திரும்பிப் பார்த்தான். நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம், வெள்ளைத் தோல், அக்கா எழுதியிருந்த ஆசை, எல்லாம். அவர் அந்தத் துணுக்கு பட்ட விரலைச் சட்டையில் துடைக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“முட்டாள்தனம் பண்ணிட்ட, அது பரவால்ல. அத வாயத் தொறந்து சொல்லியிருந்தா நான் அடிச்சுப் பேசி சமாளிச்சிருப்பேன். எங்கிட்டயே மழைன்னு விடறியே. உன் கை சுத்தம்னு சொல்லி வாங்கினு வந்தது நானு.”

பதினைந்து நாள் அவர் என்னோடு பேசவில்லை. நான் தேய்த்துக் கொடுத்த தோலெல்லாம் அவர் மேஜைக்குத்தான் போகும். தலையைத் தூக்காமல் தடவிவிட்டு அடுக்கினார். தரத்தில் ஒன்றும் குறைக்கவில்லை, முதல் தரம் என்றால் முதல் தரம்தான். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் ஃபினிஷிங் ஆட்கள் நடுவில் சிரிப்பு. “இன்னாபா, ராணிக்கு ஜலதோஷமாமே, ஒரே சளியாமே?” என்பான் ஒருவன். ஈரப்பகுதித் தோஸ்த் மட்டும் சிரிக்கவில்லை. “சொன்னேனே” என்றுகூடச் சொல்லவில்லை. பீடி கேட்டான், கொடுத்தேன்.

பதினாறாம் நாள் பாய் கையை ஆட்டிக் கூப்பிட்டார். ஓடினேன். கையில் பை இருக்கிறதா என்றுதான் என் கண் முதலில் போனது. இல்லை.

“வீட்டுல ஒண்ணு சொல்லி அனுப்பியிருக்காங்க.”

“திட்டினாங்களா பாய்?”

“திட்டல. மூணு நாள் அந்தக் கட்டப் பிரிச்சு வச்சிக்கினு உக்காந்துனு இருந்தாங்க. அப்புறம் அவங்களே கொல்லையில கொண்டுபோய்ப் பொதச்சிட்டாங்க. நாலாவது கட்டு இனி யாருக்கும் கெடையாதாம். ஆனா முடிவு உனக்குத் தெரியணுமாம். அத மட்டும் சொல்லச் சொன்னாங்க. நேத்து பூரா மனப்பாடம் பண்ண வச்சாங்க.”

எனக்குப் புரிவதற்குள் அவர் ஆரம்பித்துவிட்டார். ஒரு தோலை விரித்து, தடவிக்கொண்டே, ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுகிற குரலில்.

“வடக்கு வாசலத் தொறந்தது மந்திரி இல்ல. ராணியே தொறந்தா. ஜனம் பசியில சாவறதப் பாக்க முடியல. மந்திரி பழியத் தம்மேல போட்டுக்கினு செத்துட்டான். குதிர வைத்தியன் எதிரி ராஜாவோட தம்பி. அவன் தொட்டில் புள்ளையத் தூக்கினு கப்பல் ஏறிட்டான். ராணிய அதே கோட்டையில காவல் வச்சிட்டாங்க. முடிஞ்சுது.”

காதைப் பொத்திக்கொண்டு ஓடியிருக்கலாம். ஓடவில்லை. நாலாம் பாகம் முழுசும், எத்தனை வாரத்துக் கதையோ, எத்தனை அத்தியாயத்து முடிச்சுகளோ, ஒரு ஆட்டுத் தோலைத் தடவி முடிப்பதற்குள் என் மேல் கொட்டப்பட்டது. மந்திரியைத் துரோகி என்று ஒரு வருஷமாகச் சொல்லிவந்தவன் நான். ஒரு வாசகனுக்கு இதைவிடப் பெரிய அடி எப்படிக் கொடுக்க முடியும் என்று அந்த அக்காவுக்குத் தெரிந்திருந்தது. அவரும் வாசகி.

அப்படியும் என் வாய் சும்மா இருக்கவில்லை. அங்கேயே, அந்த மேஜைக்கு முன்னாலேயே, பிச்சைக்காரன் மாதிரிக் கேட்டேன்.

“அப்போ அந்த உப்பு வியாபாரி பொண்ணு? அவ இன்னா ஆனா பாய்?”

பாய் அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

“நீ இதக் கேப்பேன்னு சொன்னாங்க. கேட்டா சொல்ல வேணாம்னாங்க.”

அடுத்த தோலை இழுத்து விரித்தார்.